ஓர் இலச்சினை வரைந்த கதை

பெருவிரல் நகத்தின் அளவுடைய ஒரு படத்தை வரைந்து முடிக்க எமக்கு ஏழு வாரங்கள் சென்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளிற் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இத்துணை காலம் ஏன் தேவைப்பட்டது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கை தளர்ந்துவிட்டது என்று கூறித் தப்பித்துக்கொள்ள எமக்கு விருப்பமில்லை. அந்த ஏழு வாரங்களில் நான்கு வாரங்கள் எமது கோழைத்தனத்தினால் வீணாயின. அதனை ஒளிவுமறைவின்றி எழுதிவைப்பது, சங்கங்களிலும் பாடசாலைகளிலும் பணியாற்றும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணுகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தை அடுத்த சிறு பட்டினம் ஒன்றிலே, புரட்டஸ்தாந்தரும் கத்தோலிக்கரும் ஒன்றுகூடி நடத்தும் கிறிஸ்தவக் கணனிப் பயனர் வட்டம் ஒன்று உண்டு. சனிக்கிழமை பிற்பகல்களிலே தேவாலய மண்டபத்தில் அது கூடும். அலுவலகங்களும் கடைகளும் கழித்துவிட்ட பழைய கணனிகளை வாங்கி, தூசு தட்டி, பழுது நீக்கி, அவற்றிலே லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவி, கணனி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே வட்டத்தின் முதன்மையான வேலை. கிறிஸ்தவ வட்டம் என்று பெயரிருப்பினும் அங்கு படிக்க வரும் பிள்ளைகளிற் பாதிப்பேர் சைவர்கள். முஸ்லிம் பிள்ளைகளும் வருகின்றனர்.

கணனி மென்பொருளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். நாமும் கேட்டோம். வட்டத்தைத் தொடக்கிய இளைஞர்கள் கூறிய விடை எமக்குப் பிடித்திருந்தது. எமது பட்டினத்திலே விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைப் பலரும் விலைகொடாது பிரதிபண்ணியே பயன்படுத்தி வந்தனர். தேவாலய அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல. களவு கூடாதென்னும் கட்டளையை ஞாயிற்றுக்கிழமை ஓதிவிட்டுத் திங்கட்கிழமை களவெடுத்த மென்பொருளிற் சபையின் கணக்கெழுதுவது அவ்விளைஞர்களின் மனச்சாட்சியை உறுத்தியது. அக்கட்டளை புரட்டஸ்தாந்தரின் கணக்கில் எட்டாவது. கத்தோலிக்கரின் கணக்கில் ஏழாவது. எண்ணில் வேறுபட்டோர் பொருளில் ஒன்றுபட்டனர். பின்லாந்திலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்டு, உலகெங்குமுள்ள பல்லாயிரவர் தம் உழைப்பினால் வளர்த்தெடுத்த லினக்ஸை யாரும் பிரதிபண்ணலாம், திருத்தலாம், அயலவருக்குக் கொடுக்கலாம். ஒருவரின் உழைப்பு எல்லோருக்கும் பயன்படுவதை உரிமம் எழுதியே உறுதிசெய்திருக்கின்றனர். கோவிலுக்கு அடிக்கடி செல்லாத எம்மை அந்த மண்டபத்துக்கு இழுத்தது இந்த ஏற்பாடேயாகும்.

வட்டத்துக்கு வேறொரு பணியும் உண்டு. எமது நாட்டிலே நீண்டகாலம் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் தட்டெழுதப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். சபைகளின் ஆண்டறிக்கைகள், ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதிகள், பாட்டுப் புத்தகங்கள் யாவும் இவ்வாறு முடங்கிக் கிடந்தன. அவற்றை யுனிகோட் முறைக்கு மாற்றி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மீட்கும் வேலையை வட்டத்தினர் ஏற்றனர். அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் அச்சுயந்திரம் நிறுவி 1841ஆம் ஆண்டு உதயதாரகைப் பத்திரிகையை வெளியிட்டதும், மெதடிஸ்த மிசனரிமாரின் பாடசாலையிற் கற்று வேதாகம மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே தமது சொந்த அச்சுக்கூடத்தை நிறுவி அவர்களுக்கே மறுப்பு எழுதியதும் நாம் அறிந்த சரித்திரம். கருவி எவர் கைக்குச் செல்கிறதோ அவருடைய குரலைப் பேசும். ஆகவே, கருவி யாருடைய கைக்கு இன்னும் எட்டவில்லை என்பதே எப்போதும் கேட்கவேண்டிய கேள்வி.

இத்தகைய வட்டத்துக்கு ஓர் இலச்சினை வேண்டுமென்று எம்மிடம் கேட்டனர். மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டோம். முதற் கூட்டத்திலே ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தைக் கூறினர். ஒருவர் சிலுவை வேண்டுமென்றார். இன்னொருவர் திறந்த வேதாகமம் என்றார். வேறொருவர் புறாவும் பூகோள உருண்டையும் என்றார். இளைஞர் ஒருவர் லினக்ஸின் பென்குவின் பறவையையும் சேர்க்கச் சொன்னார். கணனித் திரையும், திரையிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்களும், கீழே வட்டத்தின் பெயர் மும்மொழியிலும் வேண்டுமென்று தீர்மானமாயிற்று. எல்லோரையும் திருப்திப்படுத்த எண்ணி எல்லாவற்றையும் வரைந்தோம். பெரிய தாளிலே அது கல்யாண அழைப்பிதழ் போல் அழகாகவே இருந்தது. றப்பர் முத்திரையின் அளவுக்குச் சுருக்கியபோது மை கொட்டிய கறையாயிற்று.

எமது பிழை புதியதன்று. அப்பிள் நிறுவனத்தின் முதலாவது இலச்சினை 1976ஆம் ஆண்டிலே, மரத்தின் கீழ் நியூட்டன் அமர்ந்திருக்கும் நுணுக்கமான சித்திரமாக இருந்தது. சிறிதாக அச்சிட அது உதவாமையால் அடுத்த ஆண்டே அதனைக் கைவிட்டு, ஒரு பக்கம் கடிக்கப்பட்ட பழத்தின் உருவத்தை ஏற்றனர். லினக்ஸின் பென்குவினும் எளிமையினாலேயே நிலைத்தது. லரி யூவிங் என்பவர் 1996ஆம் ஆண்டு, பணம் கொடுத்து வாங்கவேண்டாத மென்பொருளைக் கொண்டே அதனை வரைந்தார். இலச்சினைப் போட்டியிலே அது வெற்றிபெறவில்லை. ஆயினும் மக்கள் அதனையே தமதாக்கிக்கொண்டனர். ஏழைச் சங்கத்தின் இலச்சினைக்கு வேறொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொரு வர்ணத்துக்கும் அச்சகத்திலே தனித்தனித் தகடு வேண்டும். தகடு கூடச் செலவு கூடும். ஆகவே ஒரே வர்ணத்திலே, போட்டோகொப்பியிலும் அழியாததாய், பார்த்த பிள்ளை மணலில் விரலாற் கீறக்கூடியதாய் ஓர் உருவம் வேண்டும் என்று எமக்கு நாமே விதித்துக்கொண்டோம்.

அதற்காகக் கிறிஸ்தவர்களின் பழைய சின்னங்களைத் தேடிப் படித்தோம். கி.பி. 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமென்ற் என்னும் ஆசிரியர், விசுவாசிகள் தம் முத்திரை மோதிரங்களிலே எவ்வுருவங்களைப் பொறிக்கலாம் என்று ஆலோசனை கூறியிருக்கிறார். புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றை அவர் ஏற்கிறார். வாளையும் வில்லையும் சமாதானத்தை நாடுவோர் பொறிக்கலாகாது என்று விலக்குகிறார். அந்தப் பட்டியலிலே சிலுவை இல்லை என்பது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. சற்றுச் சிந்தித்தபோது காரணம் விளங்கிற்று. அக்காலத்தவருக்குச் சிலுவை அரசாங்கத்தின் கொலைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரருக்குமே சிறப்பாக அது ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் கி.மு. 71ஆம் ஆண்டு தோற்கடிக்கப்பட்டபோது, சிறைப்பட்ட 6000 பேரைக் கப்புவாவிலிருந்து றோமாபுரி வரையுள்ள வீதியோரத்திலே சிலுவைகளில் அறைந்து நிறுத்தினர். கி.பி. 312ஆம் ஆண்டு கொன்ஸ்தந்தீன் தன் போர்வீரரின் கேடயங்களிலே கிறிஸ்துவின் அடையாளத்தைப் பொறித்த பின்னரே கிறிஸ்தவச் சின்னங்கள் ஆட்சியின் சின்னங்களாயின. 1619ஆம் ஆண்டு எமது யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தபோதும் போர்த்துக்கேயரின் பீரங்கியும் சிலுவையும் ஒருங்கே வந்தன.

மீனோ எளியது. அதன் கிரேக்கப் பெயராகிய இக்துஸ் என்பதன் ஐந்து எழுத்துக்களும், இயேசு கிறிஸ்து, தேவனுடைய குமாரன், இரட்சகர் என்னும் சொற்களின் முதலெழுத்துக்களாகும். றோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலே, பேரற்ற ஏழைகள் உறங்கும் இடங்களிலே அது காணப்படுகிறது. இரண்டு வளைகோடுகள் போதும். அவை ஒருபுறம் கூடித் தலையாகும். மறுபுறம் ஒன்றையொன்று வெட்டி வாலாகும். அந்த வாலின் இரு நுனிகளையும் நீட்டி, கணனியின் மின்வடம் போலச் சிறு வளைவு கொடுத்தோம். இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளிலே அதனை வரைந்தோம். கோடுகளைப் புள்ளிகளாக அன்றிக் கணிதமாக வைத்திருப்பதால் எவ்வளவு பெருப்பித்தாலும் அதன் விளிம்பு சிதையாது. எமக்கே அது திருப்தியளித்தது.

இரண்டாவது கூட்டத்திலே அதனைத் திரையிற் காட்டினோம். சிலர் தலையசைத்தனர். நிர்வாகக் குழுவைச் சேர்ந்த முதியவர் ஒருவர், முன்னர் பெரிய உத்தியோகம் பார்த்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு, “மாஸ்ரர், இதைக் கடிதத் தலைப்பிலை போட்டால் கடிதத்தைப் பிரிக்கேக்கையே மீன் வாடை அடிக்குமே!” என்றார். மண்டபம் சிரித்தது.

எமது ஊர்களை அறிந்த வாசகர்களுக்கு அச்சிரிப்பின் பொருளை விளக்கவேண்டியதில்லை. குடாநாட்டிலே மீன் உண்ணாத கிறிஸ்தவ வீடு அரிது. அந்த முதியவரின் வீட்டிலும் அன்று மத்தியானம் மீன் குழம்பே சமைத்திருக்கக்கூடும். மீனைத் தின்பவருக்கு வாடையில்லை. மீனைப் பிடிப்பவருக்கே வாடை உண்டு என்பது எமது சமுதாயத்தின் விசித்திரமான மூக்கின் தீர்ப்பு. மண்டபத்தின் பின்வரிசை வாங்கிலிலே கரையோரக் கிராமத்துப் பெண்ணொருத்தி அமர்ந்திருந்தாள். கடற்றொழிலாளி ஒருவரின் மகள். தொழில்நுட்பக் கல்லூரியிற் படித்தவள். வட்டம் அதுவரை திருத்திக் கொடுத்த 24 கணனிகளில் 15 கணனிகள், அவளும் அவளுடைய ஊர்த் தோழர்கள் இருவரும் திருத்தியவை. சிரிப்பு எழுந்தபோது அவள் தன் கையிலிருந்த திருகாணிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் சிரிக்கவில்லை. ஆயினும் வாய் திறக்கவுமில்லை. “வேறொன்று யோசிப்போம்” என்று கூறிப் படத்தைத் திரையிலிருந்து அகற்றினோம். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிராகப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பற்றி எத்தனை மாணவர்களுக்குப் பெருமிதத்துடன் கூறியிருக்கிறோம்! தேநீர்க்கடையிலே சமமாக இருந்து தேநீர் அருந்துவதற்காக அடிபட்ட மனிதரைப் பற்றி எத்தனை மேடைகளிற் பேசியிருக்கிறோம்! ஒரு நகைச்சுவைக்கு மறுப்புக் கூறுவதற்கு அடிபடவேண்டியதுமில்லை. அதற்கும் எம்மால் முடியவில்லை. வட்டம் பிளவுபடக்கூடாது, பிள்ளைகளின் வகுப்பு நின்றுவிடக்கூடாது என்று எமக்கு நாமே நியாயம் கற்பித்துக்கொண்டோம். வீட்டிற்கு வந்து, கணனித் திரையொன்றின் மேல் சிலுவை நிற்பதாக ஒரு படம் வரைந்தோம். யாருக்கும் நோகாத படம் என்று எண்ணினோம். நான்கு வாரங்கள் அதன் கதிர்களைக் கூட்டுவதிலும் குறைப்பதிலுமே கழிந்தன.

எமது கணனியின் வன்தட்டு பழுதடைந்தபோது, அதனை மாற்றுவதற்கு அந்தப் பெண்ணே வந்தாள். வேலை முடிந்து கணனியை இயக்கிப் பார்த்தபோது திரையிலே சிலுவைப் படம் தோன்றியது.

“மீனை எடுத்துப் போட்டியளோ, மாஸ்ரர்?”

“கனபேருக்கு விருப்பமில்லைப் பிள்ளை.”

“கனபேர் எண்டு ஆர்? ஒராள் சொன்னவர். மற்றவை சிரிச்சவை. நீங்கள் சிரிக்கேல்லை. அதை நான் பாத்தனான். ஆனால் நீங்கள் ஒண்டும் சொல்லவுமில்லை.”

எம்மிடம் விடையில்லை. அவள் கோபத்துடன் பேசவில்லை. பழுதான கருவியின் குறையைச் சுட்டுவது போலவே பேசினாள். பாடசாலையிலே தன்னை மீன் என்றே பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள் என்றும், அதனால் அந்தப் படத்தை முதலிற் கண்டபோது தனக்கும் அது பிடிக்கவில்லை என்றும் கூறினாள். “எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நீங்கள் எடுத்திருந்தால் அது வேறை கதை. அவருக்கு வாடை அடிக்குது எண்டு எடுக்கிறதெண்டால், அதை விட ஏலாது, மாஸ்ரர்” என்றாள்.

பின்னர் பழைய கோப்பைத் திறக்கச் சொல்லி மீனை உற்றுப் பார்த்தாள். அவளுடைய தந்தை தம் வலையின் மிதவைகளிலே இரண்டு சிவப்புக் கோடுகள் தடிப்பாகத் தீட்டுவார் என்றாள். “விடியப்புறம், அலை அடிக்கேக்கை, தூரத்திலை நிண்டு பாத்தாலும் எங்கடை எண்டு தெரிய வேணும். மெல்லிசாக் கீறினால் உப்புத்தண்ணி அழிச்சுப் போடும்.” முப்பதாண்டு கற்பித்த நாம் நூல்களிலே தேடிய விதியை, படகிலே நின்று கண்டவர்கள் எளிதாகக் கூறிவிட்டனர். எமது கோடுகள் மெல்லியவை. வாலின் நுனியிலே நாம் செய்திருந்த மின்வட வேலைப்பாடு வீண் அலங்காரம். அதனை அகற்றி, கோட்டின் தடிப்பை இரட்டிப்பாக்கி, வாலைச் சற்று அகட்டினோம். அவள் அதனை அச்செடுத்துச் சென்று, பிரதியின் பிரதியாக மூன்று முறை போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது பிரதியிலும் மீன் மீனாகவே இருந்தது.

மூன்றாவது கூட்டத்திலே, படத்தைக் காட்டுமுன் நாம் எழுந்து, முன்னைய கூட்டத்திலே பேசவேண்டிய இடத்திற் பேசாதிருந்தது எமது பிழை என்றோம். கிளெமென்ற் கூறியதை எடுத்துரைத்தோம். இயேசுவின் முதற் சீடர்களிற் பலர் வலைஞர்கள் என்பதைச் சபையாருக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருந்தது விந்தையே. போதகர் அதற்குத் தலையசைத்தார். ஆயினும் எழுந்து பேசவில்லை.

முதியவரின் கட்சியையும் நேர்மையாகக் கூறவேண்டும். சிலுவையில்லாத கிறிஸ்தவச் சங்கம் தம் விசுவாசத்தைக் குறித்து வெட்கப்படுவதாகத் தோன்றாதா என்று அவர் கேட்டார். அது தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. அடிமையின் மரணத்தைத் தன் மரணமாக ஏற்றவனுடைய சின்னமென்று கண்டால் சிலுவையை வரைய எமக்கும் தடையில்லை. எனினும் அவ்வாறு கண்ட ஒருவர், உழைப்பவனின் வாடையைக் கண்டு மூக்கைப் பொத்தமாட்டார் என்று விடை கூறினோம். தாம் சாதி பார்ப்பதில்லை என்றும், கரையோரத்து வீடுகளிலே தாம் உணவருந்தியிருப்பதாகவும் அவர் கூறினார். அதனை நாம் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம். எமது நிர்வாகக் குழுவிலே ஏழு பேர் இருக்கின்றனர். கணனிகளிற் பெரும்பாலானவற்றைத் திருத்திய கிராமத்திலிருந்து அந்த எழுவரில் எத்தனை பேர்? யாரும் விடை கூறவில்லை. ஒருவரும் இல்லை என்பதே விடை. அவ்வாறு யாரும் விலக்கித் தீர்மானம் நிறைவேற்றியதில்லை. தெரிவு நடக்கும் ஒவ்வொரு முறையும் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களின் பெயரைக் கூறினர், அவ்வளவே. எமது சமுதாயத்திலே அநீதி இன்று பெரும்பாலும் இவ்வாறு சத்தமின்றியே நடைபெறுகிறது.

வாக்கெடுப்பிலே 11 கைகள் மீனுக்காக உயர்ந்தன. 6 கைகள் உயரவில்லை. முதியவர் எழுந்து செல்லவில்லை. சிலுவையைக் கடிதத் தலைப்பின் வாசகத்திலாவது சேர்க்குமாறு கேட்டார். பெயரிலேயே கிறிஸ்து இருக்கிறார் என்று போதகர் அப்போது வாய் திறந்தார். அத்துடன் கூட்டம் முடிந்தது.

இன்று அந்த மீன் றப்பர் முத்திரையாகவும் கடிதத் தலைப்பாகவும் ஒவ்வொரு கணனியின் பக்கத்தில் ஒட்டிய தாளாகவும் இருக்கிறது. வகுப்புக்கு வரும் சிறுவர்கள் கரும்பலகையின் மூலையிலே அதனைக் கீறி விளையாடுகின்றனர். முதியவரின் பேரனும் அவர்களுள் ஒருவன். ஆயினும் இலச்சினை மாறியதனால் ஊர் மாறிவிட்டது என்று எழுத எமக்குத் துணிவில்லை. கரையோரத்தார் இன்றும் தேவாலயத்திலே தாமாகவே பின்வாங்கில்களிற் சென்று அமர்கின்றனர். முன்னால் வாருங்கள் என்று அழைப்போரும் இல்லை. மீனைச் சின்னமாக ஏற்ற சங்கம் மீன் பிடிப்பவரின் மகளைச் செயலாளராக ஏற்குமா என்பது அடுத்த மாதத் தெரிவிலேதான் தெரியவரும். அவளுடைய பெயரை முன்மொழிவதாக நாம் கூறியிருக்கிறோம். வழிமொழிவதற்கு ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, நீங்களும் ஆசிரியர் சங்கங்களிலும் மாணவர் மன்றங்களிலும் வாசிகசாலைகளிலும் அங்கத்தவர்களாக இருப்பீர்கள். அவற்றின் கடிதத் தலைப்பிலே நெற்கதிரும் சக்கரமும் சுடரும் ஏந்திய கையும் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்நெற்கதிரை விளைவித்தவர் எந்த வாங்கிலில் அமர்ந்திருக்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.